கோழிப்பண்ணைக்குள் பதினான்கு பலகைகள்

இடது கை கம்பத்தைப் பிடித்திருந்தது. வலது கை ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தது. காக்கை எச்சம் காய்ந்துவிட்டால் சிமெண்டுக்குச் சமம். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் எச்சத்தோடு எழுத்தும் வந்துவிடும். கை இதையெல்லாம் பழகியிருந்தது. வெள்ளைத் திட்டு ஒன்று பெயர்ந்து விழுந்ததும் அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: 'பறவைகளுக்கு உணவு போடாதீர்கள்.'

காக்கைகள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு அவள் துணியை இடுப்பில் செருகினாள். கழுத்தில் தொங்கிய மஞ்சள் நிறக் கருவியைக் கையில் எடுத்தாள். பலகையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். கருவியின் திரையில் பலகையின் மேல்விளிம்பு வந்தது. கம்பத்தின் கால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். ஒரு வேர் தடுக்கியது. அதையும் தாண்டினாள். ஏழெட்டு எட்டு போனதும் பலகை தலைமுதல் கால்வரை சட்டத்துக்குள் விழுந்தது. திரையின் மூலையில் இருந்த எண் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றுக்குக் கீழே போய் நின்றது. வானத்துச் செயற்கைக்கோள்கள் அவளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டன என்று அதற்கு அர்த்தம். பச்சை வட்டத்தை அமுக்கினாள். படமும் ஆயிற்று, இடமும் குறித்தாயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

புவியியல் கடைசி ஆண்டு படிக்கும் பெண் அவள். ஊரை ஒட்டிய ஏரிக்கரை, மரங்கள் அடர்ந்த சரிவு, அதன் கீழே புல்வெளி என்று பொதுமக்களுக்கு உரிய நிலமெல்லாம் ஓர் அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. அந்த நிலத்தில் எத்தனை அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன, எங்கே நிற்கின்றன, எந்த நிலையில் நிற்கின்றன என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் தேடிப்போய்ப் படமெடுத்து, ஜிபிஎஸ் கருவியால் இடம் குறித்து, கணினியில் ஜிஐஎஸ் வரைபடமாக்கி ஒப்படைப்பதுதான் அவளுடைய இன்டர்ன்ஷிப்.

வேலை கிடைத்த அன்று வீட்டில் பெரிதாக யாரும் மெச்சிக்கொள்ளவில்லை.

"பலகை எண்ணுறதுக்கா மூணு வருஷம் படிச்ச?" என்றாள் அக்கா. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது அவள் தொழில்.

"எண்ணுறது இல்லக்கா. எங்க இருக்குன்னு குறிக்கிறது."

"அது அங்கயேதானடி நிக்குது. நடந்தா போகப்போகுது?"

தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா சொன்னாள்: "அவளுக்கு அதுதான் தோது. நிக்கிறதுகிட்டதான் அவளால போய்ச் சேர முடியும்."

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் நிதானம். நல்ல அர்த்தத்தில் வைத்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கைகழுவிய பிறகும் அவள் பாதித் தட்டில் இருப்பாள். மின்தூக்கி பழுதுபார்க்கும் அப்பா, "நம்ம லிஃப்டு கிளம்பிடுச்சா?" என்று கேட்டுத்தான் அவளை எழுப்புவார். பள்ளிக்கூடத்தில் கடைசியாக விடைத்தாள் கொடுப்பவள் அவள். கொடுத்த பிறகும் கை அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு பெரிய கடையில் தொலைந்துபோனாள். அப்படித்தான் அம்மா சொல்வாள். அவளிடம் கேட்டால் தான் தொலையவே இல்லை என்பாள். மாடிப்படிக்கு அருகே கடையின் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் 'நீங்கள் இருக்கும் இடம்' என்று எழுதியிருந்தது. அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அதன் அடியிலேயே நின்றுகொண்டாள். அம்மா மூன்று மாடியும் ஏறி இறங்கி, அழுது, காவலாளியோடு சண்டை போட்டு, கடைசியில் வந்து சேர்ந்தபோது, "நான் இங்கதான் இருக்கேன்னு அதுல போட்டிருக்கே, நீ ஏன் பாக்கல?" என்று கேட்டாளாம். முதுகில் ஒன்று விழுந்தது. வரைபடத்தின்மேல் இருந்த மரியாதை குறையவில்லை.

பட்டப்படிப்புக்கு ஓர் இன்டர்ன்ஷிப்பை முடித்துக் காட்ட வேண்டும். போன வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் கற்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டப் போனாள். காலம் முடிந்தபோது பாதிக் கற்கள் பெயரில்லாமல் கிடந்தன. சான்றிதழில், 'வேலை மிகவும் நேர்த்தி. முடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கல்லூரிக்கு நேர்த்தி வேண்டாம், முடிக்க வேண்டும். இன்னொரு தடவை 'முடிக்கவில்லை' என்று வந்தால் பட்டம் கிடையாது என்று சொல்லித்தான் இங்கே அனுப்பியிருந்தார்கள்.

அதனால் இந்த முறை வேகமாக இருப்பது என்று முடிவெடுத்தாள். முதல் வாரம் பழைய வழக்கப்படி ஆற அமரச் செய்து, போகிற போக்கைப் பார்த்துப் பயந்துபோனாள். கருவியின் அமைப்புகளைத் துழாவினாள். படமெடுக்கும் நொடியிலேயே இடத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும் வசதி ஒன்று அதில் இருந்தது. இரண்டு வேலை ஒன்றாயிற்று. அதன்பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பலகைகள்தான் எத்தனை தினுசு. 'இங்கே எழுதாதே' என்ற பலகையில் எழுத இடமே மிச்சமில்லை. 'இந்த மரத்தைக் காப்போம்' என்ற பலகையை அந்த மரத்திலேயே பெரிய ஆணியால் அடித்திருந்தார்கள். மரம் வளர்ந்து பலகையில் பாதியை விழுங்கி, 'காப்போம்' மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒரு அம்புக்குறி நேராக வானத்தைக் காட்டியது. ஏரிக்கரை நுழைவில் இருந்த பெரிய வரைபடப் பலகையில் அவளுக்குப் பழக்கமான சிவப்புப் புள்ளி இருந்தது, 'நீங்கள் இருக்கும் இடம்' என்று. ஆனால் வாகன நிறுத்தம் கட்டியபோது பலகையைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுவிட்டார்கள். புள்ளியை அந்தப் பக்கமே விட்டுவிட்டார்கள். அவள் குறிப்புப் பகுதியில் 'தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத பலகை' என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டாள்.

சரிவின் அடியில், பொதுநிலம் முடிகிற இடத்தில், ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அதன் கம்பிவலையை ஒட்டி ஒற்றையடிப்பாதை ஒன்று போகும். மேட்டுக் குடியிருப்பில் இருப்பவர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போவது அந்தப் பாதையில்தான். அவளுடைய அக்காவும் அப்படித்தான் வேலைக்குப் போகிறாள். பாதையோரமாக, பண்ணையைப் பார்த்தபடி, பதினான்கு பலகைகள் வரிசையாக நின்றன: 'பொதுநிலம் இங்கே தொடங்குகிறது. வேலி போடக் கூடாது.' பண்ணைக்காரருக்கு அந்தப் பலகைகளைக் கண்டாலே ஆகாது. தினமும் தீனி போடும்போது எதிரில் நின்றுகொண்டு 'கூடாது, கூடாது' என்று பதினான்கு தடவை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும். பலகைகள் தன் நிலத்துக்குள் நிற்கின்றன, தன் எல்லை பாதைக்கும் அப்பால் இருக்கிறது என்று அவர் மனு கொடுத்திருந்தார். எல்லைக்கற்கள் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டன. எல்லை இப்போது அலுவலகக் கணினியில் ஒரு சிவப்புக் கோடாக மட்டும் இருந்தது.

அவள் கருவியோடு போனபோது பாதையிலிருந்து பார்த்தால் பலகைகளின் முதுகுதான் தெரிந்தது. பண்ணைக்காரர் வலைக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"அங்க நின்னா முதுகுதாம்மா விழும். மூஞ்சி இந்தப் பக்கம் இருக்கு. உள்ள வா."

போனாள். அவரே கூட வந்து வழிகாட்டினார். "இன்னும் கொஞ்சம் பின்னால வா. பாத்து, கோழி. அதை மிதிச்சிடாத, முட்டை போடுற கோழி. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப முழுசா விழும்."

பதினான்கும் முழுசாக விழுந்தன. அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே முந்நூற்றுச் சொச்சம் பலகைகளும் கணினிக்குள் வந்துவிட்டன. அலுவலகத்துக்கு மேடம்தான் தலைமை. பேசும்போது பென்சிலால் காதைச் சொறிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு. திரையில் பலகைகளின் புள்ளிகளையும் எல்லைக்கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பண்ணைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கே. பதினாலும் அவர் நிலத்துலதான் நிக்குது."

வாசலில் தேநீரோடு நின்றவரைக் கூப்பிட்டார். பலகை நடுவதும் பிடுங்குவதும் அவர் வேலை. கடப்பாரை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க நடணும்னு அளந்துதானே நட்டீங்க?"

"அளந்து நட்டேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா மேடம்?"

"மாட்டேன்."

"அப்ப உண்மையையே சொல்லிடுறேன். கடப்பாரை எங்க இறங்குச்சோ அங்க நட்டேன். அந்தப் பக்கம் பூரா கல்லு. ஒரு நாள் மழை வேற."

மேடம் பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமை வரச்சொல்லிப் பண்ணைக்காரருக்குக் கடிதம் போயிற்று. அன்றைக்கு வரைபடத்தை அச்செடுத்து அவர் முன்னால் விரித்து, பலகைகளை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அதே வெள்ளிக்கிழமைதான் அவளுடைய கடைசி நாளும். வரைபடத்தை வாங்கிக்கொண்டு மேடம் அவளுடைய சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அக்காவிடம் வரைபடத்தைக் காட்டினாள்.

"பலகையை எடுத்துட்டா பாதை என்னடி ஆகும்?"

"பலகையை ஒட்டித்தான பாதை போகுது, அதுவும் அவர் நிலத்துக்குள்ளதான் வருது. வலையை முன்னால தள்ளிப் போட்டுக்குவாரு."

"அப்ப நான் எப்படி பஸ்ஸுக்குப் போறது? மேட்டைச் சுத்திட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள கடையையே மூடிடுவாங்க."

"நான் என்னக்கா பண்ண? இருக்கிறது இருக்கிற இடத்துலதான இருக்கும்."

"கூடப்பொறந்தவளுக்குக் குழிபறிக்கிறதுக்கு ஒரு படிப்பு," என்று சொல்லிக்கொண்டே அக்கா திரையில் விரலை ஓட்டினாள். விரல் ஏரியில் போய் நின்றது. "இது என்ன, தண்ணிக்குள்ள ரெண்டு புள்ளி? மீனுக்கெல்லாம் பலகை வச்சிருக்காங்களா?"

"அடிப்படை வரைபடம் பழசு. கரை கொஞ்சம் மாறியிருக்கும்."

"என்ன எழுதியிருக்கு அதுல?"

அவள் புள்ளியை அமுக்கினாள். படம் விரிந்தது. 'ஆழம் அதிகம். இறங்காதீர்கள்.'

"சரியாத்தான் வச்சிருக்காங்க," என்றாள் அம்மா, தையல் இயந்திரத்திலிருந்து. "இறங்கிப் பாத்தவங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி."

அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். பலகையின் காலடியில் புல் இருந்தது. காய்ந்த புல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தப் படம் எடுத்த காலைப்பொழுது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பலகை முழுசாக விழுவதற்காகப் பின்னால் பின்னால் போய், படகுத் துறையின் மரப்பலகைகள்மேல் ஏறி நின்றிருந்தாள். பாதத்துக்கு அடியில் மரம் கிரீச்சிட்டது. இடுக்குகளில் தண்ணீர் தெரிந்தது.

தண்ணீருக்குமேல் நின்றது பலகையில்லை.

பண்ணைப் படங்களைத் திறந்தாள். முதல் படத்தில் 'பொதுநிலம் இங்கே தொடங்குகிறது' என்ற எழுத்துகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிவலை. இரண்டாவதிலும் வலை. மூன்றாவதில் வலையும், வலைக்கு இந்தப் பக்கம், படமெடுத்தவளுடைய பக்கம், கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்க்கும் ஒரு கோழியும். பலகை வலைக்கு அந்தப் பக்கம். அவளும் கோழியும் இந்தப் பக்கம். கருவி அவள் கையில்.

முதல் நாளே மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: கருவியைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து முதலில் இடத்தைக் குறி, பிறகு பின்னால் போய்ப் படமெடு, இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வாரம் அவள் அப்படித்தான் செய்தாள். பிறகுதான் அந்த ஒரே கல்லும் இரண்டு மாங்காயும். கல்லை எறிந்த இடத்தை மாங்காய் விழுந்த இடமாக எழுதிவைத்திருந்தாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா.

"அக்கா, நான் பலகையைக் குறிக்கல. என்னைக் குறிச்சிருக்கேன். ஏரியில, காட்டுல, பண்ணையில, எல்லா இடத்துலயும் நான்தான் நிக்கிறேன்."

அம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். "அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுன்னு சொல்லுவாங்க. உன்கிட்ட அதைச் சொல்ற நாள் வரும்னு நான் நெனச்சதே இல்ல," என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மேடம் வருவதற்கு முன்பே அவள் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மேடம், பலகை எல்லாம் தப்பு."

"எழுத்துப் பிழையா?"

"பலகை சரி மேடம். நான் தப்பு." படங்களைக் காட்டினாள். கோழியைக் காட்டினாள். மேடம் கோழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை இந்த மாதிரி?"

"முதல் வாரம் எடுத்தது சரி. மத்தது எல்லாமே தப்பு. ஆனா ஒரே மாதிரி தப்பு மேடம். எதுவும் முன்னப்பின்ன இல்ல."

"அதுல ஒரு பெருமை வேறயா," என்றார் மேடம். பென்சில் காதுக்குப் போயிற்று. திரையில் பார்த்ததை நம்பிக் கடிதம் அனுப்பியவர் அவர்தான். "சரி. பண்ணைப் பக்கத்தை மட்டும் மறுபடி குறிச்சிட்டு வா. மத்ததுக்கெல்லாம் கீழ 'தோராயமான இடம்'னு ஒரு வரி போட்டுடலாம். யாரும் கேக்க மாட்டாங்க. நீயும் முடிச்ச மாதிரி ஆயிடும்."

அந்த ஒரு வரி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் அதற்குள் உட்கார்ந்து பார்த்தாள்.

"தோராயம்னா என்னைத் தேடிப் போனா கிடைப்பேன் மேடம். பலகையைத் தேடிப் போனா கிடைக்காது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முந்நூறையும் சுத்திடுவியா நீ?"

"இந்தத் தடவை துடைக்க வேண்டாம், படமெடுக்க வேண்டாம். கம்பத்துக்கிட்ட போய் நின்னா போதும்."

"முடியலைன்னா நான் முடிச்சதா எழுத மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன்."

"எழுத வேண்டாம் மேடம்."

வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற கடப்பாரை தொண்டையைச் செருமினார். "அப்ப அந்தப் பதினாலையும் பிடுங்க வேணாமா?"

"வேணாம்ணே."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அதுல பாதிக்கு அடியில சிமெண்டு போட்டு வச்சிருக்கேன் பாப்பா. நட்டவன் வயித்தெரிச்சல் நட்டவனுக்குத்தான் தெரியும். வா, மேட்டு வரைக்கும் ஜீப்புல விட்டுடறேன்."

இரண்டாவது சுற்று பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தது. கருவியைக் கம்பத்தோடு ஒட்டி, எண் இறங்கும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். அசையாமல் பிடிக்க ஒரே வழி, கம்பத்தைக் கட்டிக்கொள்வதுதான். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி, பலகையைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நின்றவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்தது. காலைநடை போன ஒருவர் அருகே வந்து கேட்டார்.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்லைங்க. இன்னும் இறங்கல."

"எது?"

"எண்ணு."

அவர் நடையை விரைவாக்கினார்.

ஒருநாள் அக்கா விடுப்புப் போட்டுவிட்டுக் குடையோடு வந்தாள். தங்கச்சிக்காக வரவில்லை, பஸ்ஸுக்காக வந்தேன் என்று வரும்போதே சொல்லிவிட்டாள். போகிறவர்கள் நின்று பார்த்தபோதெல்லாம், "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. மனுஷங்களைக் கட்டிப்பிடிக்க மாட்டா," என்று விளக்கம் கொடுத்தாள். சரிவில் மரம் விழுங்கிய பலகைக்கு வந்தபோது, கட்டிக்கொள்ளக் கம்பம் இல்லை. அக்காவும் தங்கையும் இரு பக்கமும் நின்று மரத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

"இறங்குச்சா?"

"இல்லக்கா."

"எறும்பு ஏறுதுடி."

"எறும்பு ஏறட்டும். எண்ணு இறங்கணும்."

வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய வரைபடப் பலகையிடம் வந்தபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். முன்னே எழுதிவைத்த 'தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத பலகை' என்ற குறிப்பை அழித்துவிட்டு, 'புள்ளி இடம் மாற்றப்பட வேண்டும்' என்று மட்டும் எழுதினாள். பிறகு மற்றவற்றைவிடச் சற்று மரியாதையாகக் கட்டிக்கொண்டாள்.

பண்ணைப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பாதையில் நின்று, பலகைகளின் முதுகுப்பக்கமாகவே ஒவ்வொரு கம்பமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். பண்ணைக்காரர் தீனி வாளியோடு வலைக்கு உள்ளே நின்று பார்த்தார்.

"அங்கேர்ந்து எழுத்தே தெரியாதேம்மா. உள்ள வா. போன தடவை எவ்வளவு நல்லா விழுந்துது."

"எழுத்து வேண்டாங்கய்யா. கம்பம் போதும்."

"அப்ப போன தடவை எடுத்தது?"

"படம் ரொம்ப நல்லா வந்திருக்குங்கய்யா. உங்க கோழிகூட விழுந்திருக்கு. நான் எங்க நின்னேன்னு அதுதான் காட்டிக்கொடுத்துச்சு."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வலையையும் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டிக்காரர், புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

"எந்தக் கோழி?" என்றார்.

"கழுத்துல வெள்ளை இருக்குமே."

"அது அப்படித்தான். முட்டை போடுறது ஒரு இடம், கேறுறது ஒரு இடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதினான்காவது கம்பத்தை முடித்து நிமிர்ந்தபோது கன்னத்தில் துரு அப்பியிருந்தது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள். துரு போகவில்லை, பரவியது.

வெள்ளிக்கிழமை காலை புதிய புள்ளிகளை எல்லைக்கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று பலகைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம், பொதுநிலத்தில், பாதையோடு பத்திரமாக நின்றன. ஒன்று மட்டும் கோட்டைத் தாண்டிப் பண்ணைப் பக்கம் நின்றது. அந்தக் கம்பத்திடம் மறுபடி ஓடினாள், கட்டிக்கொண்டாள், எண் இறங்கியது, புள்ளி அதே இடத்தில்தான் விழுந்தது. திரும்பி வந்து அந்த ஒன்றைச் சிவப்பாக்கினாள். பிறகு அச்சுக்குக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் அந்தப் பெரிய அச்சு இயந்திரத்துக்கு யானை என்று பெயர். மெதுவாகத்தான் தும்பிக்கையை நீட்டும். அவள் பக்கத்தில் நின்று, ஏரி வருவதையும், சரிவு வருவதையும், புல்வெளி வருவதையும் பார்த்தாள். யாரும் அதை அவசரப்படுத்த முடியாது என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அவள் தாளோடு அறைக்குள் போனபோது மேடம், பண்ணைக்காரர், கடப்பாரை மூவரும் இருந்தார்கள். தாள் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மேசையில் விரித்து நான்கு மூலைகளிலும் கோப்பை, பென்சில் டப்பா, கருவி, கடப்பாரையின் கை ஆகியவற்றை வைத்தார்கள்.

பண்ணைக்காரர் குனிந்து தேடினார். "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

அவள் காட்டினாள். அவர் தன் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். பிறகு விரல் எல்லையோரமாக நகர்ந்தது. "இது மட்டும் ஏன் சிவப்பு?"

"அது உங்க நிலத்துல நிக்குதுங்கய்யா. மத்த பதிமூணும் இந்தப் பக்கம்."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கடப்பாரை கூரையைப் பார்த்தார்.

"அது மழையன்னைக்கு நட்டது," என்றார் மெதுவாக.

"அப்ப நான் சொன்னது சரிதான்," என்றார் பண்ணைக்காரர்.

"பதினாலுல ஒண்ணு சரிங்கய்யா."

அவர் யோசித்தார். ஒன்றும் இல்லாமல் போவதற்கு ஒன்று பரவாயில்லை என்று முகம் சொன்னது. கடப்பாரை, இன்றைக்கே போய் எடுத்துவிடுகிறேன் என்று எழுந்தார். பண்ணைக்காரர் கையமர்த்தினார்.

"அவசரமில்லப்பா. சேவல் அது மேல ஏறி நின்னுதான் கூவுது. அதுக்கு வேற இடம் பாக்குற வரைக்கும் நிக்கட்டும்."

"அது உங்க நிலம். நீங்க சொன்னா சரி," என்றார் மேடம். அதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி அவரும் பண்ணைக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். பதின்மூன்று இருக்கும் இடத்தில் இருக்கும், பாதையும் இருக்கும். அக்கா திங்கட்கிழமை பஸ்ஸைப் பிடிப்பாள், அல்லது வழக்கம்போல் தவறவிடுவாள். அது அவள் பாடு.

பண்ணைக்காரர் போன பிறகு மேடம் இன்னொரு தாளை இழுத்தார். அவளுடைய சான்றிதழ். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நேர்த்தின்னு எழுதணுமா?"

"முடிச்சிட்டான்னு எழுதினா போதும் மேடம்."

எழுதினார். பிறகு வரைபடத்துக்காக எழுந்து கையை நீட்டினார். மூலைகளில் இருந்தவற்றை எடுத்ததும் தாள் இரண்டு பக்கமும் சுருளப் பார்த்தது. அவள் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், மேடம் மறு ஓரத்தைப் பிடித்தார். இருவருமாகச் சுருட்டிக்கொண்டே நெருங்கி வந்தார்கள். சுருள் மேடத்தின் கைக்குப் போன பிறகும் அவளுடைய இரண்டு விரல்கள் விளிம்பில் இருந்தன.

"விடும்மா."

"நல்லாப் பிடிச்சுக்கிட்டீங்களா மேடம்?"

"பிடிச்சுக்கிட்டேன்."

பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் விட்டாள்.